மலையிலிருந்து ஒரு நேர்காணலுக்கு: உள்ளகப் பயிற்சி தேடும் நீலகிரி மாணவர்கள் செய்துகொள்ள வேண்டிய ஆயத்தங்கள்

குன்னூரில் ஒரு தேயிலை நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பணியாற்றும் எனக்கு, ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கல்லூரி மாணவர்களை உள்ளகப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பும் வந்து சேரும். இன்டர்ன்ஷிப் என்றே எல்லோரும் சொல்லும் இந்தப் பயிற்சிக்கு வருபவர் தொழில் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று எங்களில் யாரும் எதிர்பார்ப்பதில்லை. சொல்லிக்கொடுத்தால் பிடித்துக்கொள்வாரா, ஆறு வாரத்துக்கு ஒரு சிறிய வேலையை நம்பி ஒப்படைக்கலாமா, தெரியாததைத் தெரியாது என்று சொல்வாரா என்ற மூன்றைத்தான் நேர்காணலின் இருபது நிமிடங்களில் கண்டுபிடிக்க முயல்கிறோம்.

கடந்த ஆண்டு கோத்தகிரிப் பக்கத்து ஹட்டி (படுகர் ஊர்) ஒன்றிலிருந்து ஒரு வேதியியல் மாணவி வந்திருந்தார். தாம் கடின உழைப்பாளி என்றும், குழுவோடு இணைந்து பணியாற்றுபவர் என்றும், விரைவாகக் கற்றுக்கொள்பவர் என்றும் மனப்பாடச் செய்யுள்போல ஆங்கிலத்தில் ஒப்பித்துவிட்டு, இடையில் ஒரு சொல் மறந்துபோனதால் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். ரெஸ்யூமேயில் தந்தையின் தொழில் 'விவசாயம்' என்றிருந்தது. என்ன விவசாயம் என்று கேட்டதற்கு, ஒன்றரை ஏக்கர் தேயிலை என்றார். மழைக்காலத்தில் இலையை எடைபோடும்போது ஈரத்துக்கென்று எவ்வளவு கழிக்கிறார்கள் என்று அடுத்து கேட்டேன். அதுவரை தாழ்ந்திருந்த குரல் சட்டென்று மாறியது. கழிவு கூடுதலாக இருக்கிறதென்று அவருடைய அப்பாவுக்குச் சந்தேகம் வந்ததால், மழையில் பறித்த ஒரு கிலோ இலையை இந்த மாணவி வீட்டிலேயே நிறுத்து, துணியில் பரப்பி மேலீரம் போன பிறகு மறுபடி நிறுத்து, அப்படி நான்கு நாள் செய்து நோட்டில் குறித்துவைத்திருக்கிறார். அன்று முழுவதும் நாங்கள் கேட்ட பதில்களில் அதுவே சிறந்தது. ஆனால் அது பற்றி ரெஸ்யூமேயில் ஒரு வரிகூட இல்லை.

ஆகவே ஆயத்தத்தின் முதல் வேலை, நேர்காணல் கேள்விகளின் பட்டியலை இணையத்தில் தேடுவதன்று. நீங்கள் உங்கள் கையால் செய்த, கண்ணால் கவனித்த காரியங்களை நினைவிலிருந்து தோண்டி எடுப்பதே. ஒரு நோட்டில் அவற்றை எழுதுங்கள். வகுப்பில் செய்த செயல்திட்டம், மாமாவின் கடையில் பார்த்த கணக்கு, என்.எஸ்.எஸ். முகாமில் எடுத்த கணக்கெடுப்பு, சீசனில் விடுதி வரவேற்பறையில் நின்ற ஒரு மாதம் என்று எதுவாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் நேராக, என்ன சிக்கல் இருந்தது, நான் என்ன செய்தேன், அதனால் என்ன ஆயிற்று என்று மூன்று வாக்கியம் எழுதிவைத்தால் போதும். 'நாங்கள்' என்று எழுதிய இடங்களில் நீங்கள் மட்டும் செய்தது எது என்பதைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். குழுச் செயல்திட்டம் என்றால் அந்தக் கேள்வி கட்டாயம் வரும்.

அடுத்தது, ரெஸ்யூமேயில் இருக்கும் ஒவ்வொரு வரியையும் 'எப்படி', 'ஏன்', 'எப்படித் தெரியும்' என்ற மூன்று கேள்விகளால் உரசிப் பார்ப்பது. தேயிலைத் தொழிற்சாலையில் பத்து நாள் களப்பயிற்சி பெற்றதாக ஒருவர் எழுதியிருந்தால், இலையை ஏன் வாட்டுகிறார்கள் என்று கேட்பேன். ஈரம் குறைய என்பது முதல் பதில். எவ்வளவிலிருந்து எவ்வளவுக்கு என்பது அடுத்த கேள்வி. பறித்த இலையில் நூற்றுக்கு 75 முதல் 80 பங்கு நீர் இருக்கும், இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. தேயிலைக்கு அதை ஏறக்குறைய 70 வரை இறக்குவார்கள், இலையை உருட்டிச் செய்யும் ஆர்த்தடாக்ஸ் முறைக்கு இன்னும் கீழே கொண்டுபோவார்கள் என்று சொன்னால் அவர் கவனித்திருக்கிறார் என்று தெரியும். வாட்டம் போதும் என்று தொழிலாளி எப்படிக் கண்டுகொள்கிறார் என்பது மூன்றாவது கேள்வி. ஒரு கைப்பிடி இலையை அழுத்திவிட்டால் அது உருண்டையாகவே நிற்க வேண்டும், காம்பை மடக்கினால் ஒடியாமல் வளைய வேண்டும் என்ற பதில் எந்தப் பாடநூலைப் புரட்டினாலும் இவ்வளவு உயிரோடு வராது. இலையை வாட்டும் நீண்ட தொட்டியான டிரஃபின் அருகே நின்றவருக்குத்தான் வரும். மூன்றாம் கேள்விவரை தாங்காத வரிகளை ரெஸ்யூமேயிலிருந்து எடுத்துவிடுவதே நல்லது. குறிப்பாக, 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் முடித்த பாடங்களை வரிசையாக எழுதிவிட்டு, அவற்றில் ஒன்றைப் பற்றியும் இரண்டு நிமிடம் பேச முடியாமல் திணறுபவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். ஐந்து சான்றிதழ்களின் பெயரைவிட, ஒரு பாடத்தில் நீங்களே செய்து பார்த்த ஒரு பயிற்சி எங்களுக்குப் போதும்.

நிறுவனத்தைப் பற்றித் தெரிந்துகொண்டு போங்கள் என்று எல்லோரும் அறிவுரை சொல்வார்கள். பெரும்பாலான மாணவர்கள் தொடங்கிய ஆண்டையும் நிறுவனரின் பெயரையும் படித்துக்கொண்டு வருகிறார்கள். குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907-இல் தொடங்கப்பட்டது என்று அங்கே நேர்காணல் செய்பவரிடமே சொல்வதால் பயன் ஒன்றுமில்லை. அங்கே வெறிநாய்க்கடிக்கும், தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி ஆகியவற்றுக்கும் தடுப்பூசி சார்ந்த பணி நடந்துவந்திருக்கிறது என்பதை அறிந்து, அவற்றில் உங்கள் பாடத்தோடு தொடுவது எது என்று யோசித்துக்கொண்டு போனால் பேச்சு வேறு தளத்துக்குப் போகும். உதகை அருகே முத்தோரையில் உள்ள வானொலித் தொலைநோக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். 1970-இல் இயங்கத் தொடங்கிய அதன் நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர் என்பது இயற்பியல் படிக்கும் உதகை மாணவர்கள் பலருக்கும் தெரியும். அதை ஏன் சரிவில் கட்டினார்கள் என்று கேட்டால் இடம் அப்படித்தான் கிடைத்தது என்பார்கள். உண்மையில் அந்தச் சரிவின் சாய்வு உதகையின் அட்சரேகையான ஏறக்குறைய 11 பாகைக்குச் சமமாக இருக்கும்படி பார்த்துத்தான் இடம் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதனால் கருவியின் நீளவாட்டு அச்சு பூமியின் சுழலச்சுக்கு இணையாக அமைந்து, ஒரே அச்சில் திருப்பியே ஒரு விண்பொருளைச் சுமார் ஒன்பதரை மணி நேரம் தொடர முடிகிறது. பேருந்து சன்னலிலிருந்து தினமும் பார்த்த ஒன்றைப் பற்றி 'ஏன்' என்று ஒருமுறை கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் பதில் இது. தாவரவியல், விலங்கியல் மாணவர்களுக்கு அதே முத்தோரையில் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1961-இல் இந்தியாவிலேயே முதன்முதலாக, உருளைக்கிழங்கின் வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு நீலகிரியில்தான் கண்டறியப்பட்டது என்பதையும், அதனால் இங்கிருந்து விதைக்கிழங்கு வெளியே போவதற்குக் கட்டுப்பாடு வந்ததையும் அங்கே போகுமுன் அறிந்திருக்க வேண்டும். வணிகவியல் மாணவர் என்றால் குன்னூரின் வாராந்தரத் தேயிலை ஏலமும், விவசாயி பறித்து விற்கும் பச்சை இலைக்குத் தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் சராசரி விலையும் எப்படி ஒன்றோடொன்று இணைகின்றன என்பதைக் காகிதத்தில் ஒருமுறை வரைந்து பாருங்கள்.

ஆங்கிலத்தைப் பற்றிய பயம்தான் மலைப்பகுதி மாணவர்களில் பலரையும் விண்ணப்பிக்கவே விடாமல் தடுக்கிறது. வீட்டில் படுகு (படுகர்களின் மொழி), வகுப்பில் தமிழ், கூடலூர்க்காரர் என்றால் மலையாளமும் கன்னடமும் என்று மூன்று நான்கு மொழிகளில் புழங்குபவர், நான்காவதோ ஐந்தாவதோ ஆன ஒரு மொழிக்காகக் கூனிக்குறுக வேண்டியதில்லை. உங்கள் செயல்திட்டத்தைச் சிறு சிறு ஆங்கில வாக்கியங்களில், ஒரு வாக்கியத்துக்கு ஒரு செய்தி என்ற கணக்கில் சொல்லிப் பழகுங்கள். வாக்கியங்களை மனப்பாடம் செய்யாமல், சொல்ல வேண்டியவற்றின் வரிசையை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் தடுமாறினால், இந்தப் பகுதியைத் தமிழில் விளக்கலாமா என்று அனுமதி கேட்பதில் தவறில்லை. தமிழ்நாட்டில் நடக்கும் நேர்காணல்களில் பெரும்பாலும் சரி என்பார்கள். மறுத்தாலும் கேட்டதற்காக யாரும் மதிப்பெண்ணைக் குறைக்கமாட்டார்கள்.

ஒத்திகைக்கு உங்கள் துறை நண்பர்களை அழைக்காதீர்கள், அவர்களுக்கு நீங்கள் சொல்வது பாதியிலேயே புரிந்துவிடும். வேறு துறையில் படிக்கும் ஒருவரை எதிரே உட்காரவைத்து, கைப்பேசியில் பதிவுசெய்து, மறுநாள் அதைக் கேட்டுப் பாருங்கள். சொந்தக் குரலைக் கேட்பது முதலில் சங்கடமாகத்தான் இருக்கும்.

இனி, சமவெளியில் இருப்பவர்கள் எழுதும் வழிகாட்டிகளில் வராத ஒரு செய்தி: பயணம். நான் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது கோவையில் ஒரு நேர்காணல். நவம்பர் மாதம், விடியற்காலை பேருந்து, பர்லியாறுக்கு மேலே மண்சரிவு. சாலையைச் சீர்செய்யும்வரை பேருந்துக்குள்ளேயே காத்திருந்தேன். அழைப்புக் கடிதத்தில் இருந்த தொலைபேசி எண்ணை நான் குறித்துவைக்கவில்லை. கடிதமோ மேலே சாமான் தட்டில் இருந்த பையின் அடியில். இரண்டு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தபோது, உதகையிலிருந்து போட்டுக்கொண்டு வந்த ஸ்வெட்டரோடு வியர்த்து நின்ற என்னைப் பார்த்து, அடுத்த முறை பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தவறு என்னுடையதுதான்.

உதகையிலிருந்து கோவைக்கு ஏறக்குறைய 86 கிலோமீட்டர். பேருந்தில் மூன்று முதல் நான்கு மணி நேரம் ஆகும். காலை பத்து மணி நேர்காணல் என்றால், குறிப்பாக வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், முந்தைய நாளே இறங்கி உறவினர் வீட்டிலோ நண்பரின் விடுதியிலோ தங்கிவிடுங்கள். அது முடியாதென்றால், குன்னூர்ப் பாதை அடைபட்டால் கோத்தகிரி வழியாகப் போகும் பேருந்து எத்தனை மணிக்கு என்பதையாவது முன்னாலேயே விசாரித்து வையுங்கள். (மலை ரயிலில் போகலாமே என்று ஒரு மாணவர் கேட்டார், 46 கிலோமீட்டர் இறங்க அதற்கு மூன்றரை மணி நேரம் ஆகும், அதுவும் மேட்டுப்பாளையம் வரைக்கும்தான்.) வளைவுகளில் வயிறு புரளும் என்றால் இட்லி இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நேர்காணலுக்கான சட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கீழே போனபின் மாற்றுவது நல்லது. இறங்கும்போது காது அடைத்துக்கொள்பவர்கள், அது விடும்வரை அரை மணி நேரமாவது வெளியே நடந்துவிட்டு உள்ளே போகலாம். கேள்வியை மூன்று முறை திருப்பிக் கேட்கும் நிலை வராது. நேர்காணல் உதகையிலேயே, அதுவும் மே மாதத்தில் என்றால், மலர்க் கண்காட்சி நேரத்து நெரிசலில் சேரிங்கிராஸைத் தாண்டுவதற்குள் பொழுது போய்விடும். நடந்து போவதே உறுதி.

இணையவழி நேர்காணலுக்கும் மலையில் தனி ஆயத்தம் தேவைப்படுகிறது. தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்தால், மழை பிடித்துக்கொண்டதும் நீங்கள் பேசுவது எதிர்முனையில் கேட்காது. எந்த அறையில், எந்தச் சன்னல் ஓரத்தில் சிக்னல் நிற்கிறது என்பதை இரண்டு நாள் முன்னதாக அதே நேரத்தில் சோதித்து, வேறு நிறுவனத்தின் சிம் உள்ள இன்னொரு கைப்பேசியையும் சார்ஜ் ஏற்றி அருகில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் சரிப்படாதென்றால் துறைத்தலைவரிடம் கேட்டுக் கல்லூரியில் ஓர் அறையைப் பெறலாம். மின்சாரம் போனால் எந்த எண்ணுக்கு அழைப்பது என்பதை முதல் நிமிடத்திலேயே கேட்டு வாங்கிவிட வேண்டும்.

கொண்டுபோக வேண்டியவை அதிகமில்லை: ரெஸ்யூமே மூன்று பிரதிகள், போனஃபைடு சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் நகல், கல்லூரி தடையில்லாச் சான்று தருவதாக இருந்தால் அது, செயல்திட்ட நோட்டு. இந்தக் கடைசிப் பொருளை யாரும் கொண்டுவருவதில்லை. கறை படிந்த, அடித்துத் திருத்திய நோட்டை மேசையில் வைப்பவரிடம் நாங்கள் கூடுதல் நேரம் பேசுகிறோம்.

தெரியாத கேள்வி வந்தால், தெரியாது என்று சொல்லிவிட்டு, அதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இறுதியில் உங்களிடம் கேள்வி உண்டா என்று கேட்பார்கள்; இல்லை என்று சொல்ல வேண்டாம். முதல் வாரம் என்ன வேலை இருக்கும், யாருடைய மேற்பார்வையில் இருப்பேன், கல்லூரிக்குத் தர வேண்டிய அறிக்கைக்கு எந்தத் தரவுகளைப் பயன்படுத்தலாம் என்ற மூன்றும் நல்ல கேள்விகள். உதவித்தொகை, தங்குமிடம் பற்றிக் கேட்கவும் தயங்காதீர்கள். கோவையில் அறை வாடகைக்கு வழியில்லாமல் பாதியில் திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால், பயிற்சி தருவதற்காக உங்களிடம் 'முன்பணம்' கேட்கும் இடத்தில் நேர்காணல் எவ்வளவு நன்றாக நடந்திருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

முடிந்ததும், கேட்கப்பட்ட கேள்விகளையும் தடுமாறிய இடங்களையும் அன்றே எழுதிவைத்தால் அடுத்த நேர்காணலுக்கு அதுவே பாடநூல். முடிவு சொல்வதாகக் கூறிய தேதி கடந்து இரண்டு நாள் ஆனபின் ஒரு சுருக்கமான மின்னஞ்சல் அனுப்பலாம். குறிப்புகளை மேட்டுப்பாளையம் பேருந்து நிலையத்திலேயே எழுதி முடித்துவிடுவது நல்லது. கல்லாறு தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவு வந்துவிட்டால் எழுதியது உங்களுக்கே புரியாது.