மரபணுத் தரவை கிளவுடில் வைக்கிறீர்களா? பெயரை நீக்கினால் மட்டும் போதாது

நோயாளியின் பெயருக்குப் பதிலாக ஓர் எண் போட்டதும் ஆள் அடையாளம் போய்விட்டது என்று நம்புவதுதான் முதல் தவறு. 2013-இல் வெளியான ஆய்வொன்றில், பெயரில்லாத ஆண்களின் ஒய் குரோமோசோம் குறிகளைப் பொதுவில் கிடைக்கும் வம்சாவளித் தளங்களோடு ஒப்பிட்டே குடும்பப் பெயரைக் கண்டுபிடித்தார்கள். வயதும் மாநிலமும் சேர்ந்ததும் ஆளே தெரிந்துவிட்டது.

அந்த எண்ணும் முழுதாக மறைப்பதில்லை. மரபணு வரிசைத் துண்டுகளைச் சேமிக்கும் பேம், கிராம் கோப்புகளின் தலைப்பகுதியில் மாதிரியின் பெயர் இருக்கும். ஓடிய கட்டளைகளும் கோப்புப் பாதைகளோடு பதிவாகியிருக்கும். பகிரும் முன், இந்தக் கோப்புகளைக் கையாளும் சாம்டூல்ஸ் நிரல் கொண்டு தலைப்பகுதியை மட்டும் அச்சிட்டு வரிவரியாகப் படியுங்கள். அதன் ரீஹெடர் கட்டளையால் திருத்தும்போது 'நோ-பிஜி' விருப்பத்தைச் சேர்க்க மறந்தால், திருத்திய கட்டளையே புது வரியாகத் தலைப்பகுதியில் ஏறிக்கொள்ளும். மரபணு மாறுபாடுகளைப் பட்டியலிடும் விசிஎஃப் கோப்பிலும், அதைக் கையாளும் பிசிஎஃப்டூல்ஸ் நிரல் இப்படித்தான் தடம் விடுகிறது. கோப்பின் பெயரிலும் மருத்துவமனை எண் வேண்டாம்: அமேசானின் கிளவுட் சேமிப்புச் சேவையான எஸ்3-இன் குறியாக்கம் உள்ளடக்கத்தை மறைக்குமே தவிர, கோப்புப் பெயரை மறைக்காது. அணுகல் பதிவுகளில் அது அப்படியே தெரியும்.

அழிப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பங்கேற்பாளர் ஒருவர் ஒப்புதலைத் திரும்பப் பெறலாம். இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அந்த உரிமையைத் தருகிறது. ஆனால் வெர்ஷனிங் (பழைய பிரதிகளையும் வைத்திருக்கும் வசதி) போட்ட எஸ்3 பக்கெட்டில் (கோப்புகளை வைக்கும் இடத்தில்) 'டிலீட்' அழுத்தினால் ஓர் அழிப்புக் குறிதான் விழும். பழைய பிரதி அங்கேயே இருக்கும், வாடகையும் ஏறும். பிரதிகளை ஒவ்வொன்றாக நீக்க வேண்டும். பகுப்பாய்வுப் படிகளை வரிசையாக இயக்கும் நெக்ஸ்ட்ஃப்ளோ மென்பொருளின் வேலைக் கோப்புறையில் கிடக்கும் இடைக்காலக் கோப்புகளையும், வேறு மண்டலத்துக்குப் போன நகல்களையும் விடக் கூடாது. எல்லோரையும் சேர்த்து உருவாக்கிய விசிஎஃப்-இல் அவருக்கென்று ஒரு நெடுவரிசை இருக்கும். அதை பிசிஎஃப்டூல்ஸ் வியூ கட்டளையால் எடுக்கலாம். அலீல் (மரபணுவின் மாற்று வடிவம்) எண்ணிக்கை தானாகத் திருந்தும். அலீல் விகிதம் திருந்தாது, அதை பிசிஎஃப்டூல்ஸின் ஃபில்-டேக்ஸ் செருகியால் மறுபடி கணக்கிடுங்கள்.

குறியாக்கச் சாவியை அழித்துவிட்டால் தரவும் போய்விடும் என்று நினைப்பவர்களுக்கு: எல்லோருக்கும் ஒரே சாவி என்றால் ஒருவரை மட்டும் அழிக்க முடியாது. அமேசானின் சாவி மேலாண்மைச் சேவையான கேஎம்எஸ்-இல் உள்ள சாவியை அழிக்கவும் 7 முதல் 30 நாள் காத்திருக்க வேண்டும்.

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களிடமிருந்து கட்டுப்படுத்தப்பட்ட (அனுமதி வாங்கினால் மட்டுமே கிடைக்கும்) மரபணுத் தரவைப் பெறுபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2025 ஜனவரி 25 முதல், புதிதாக அல்லது புதுப்பித்து அனுமதி வாங்குபவர்கள் தங்கள் கணினி அமைப்பு அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்டின் 800-171 என்ற தகவல் பாதுகாப்புத் தரத்துக்கு ஏற்றது என்று உறுதியளிக்க வேண்டும். கிளவுட் நிறுவனத்தின் சான்றிதழைக் காட்டினால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். அது அவர்களுடைய கட்டமைப்புக்கு. யாருக்கு அணுகல், எந்தப் பதிவை யார் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் உங்கள் பொறுப்பு.