அங்கன்வாடிக்கு முதன்முறை போகும் டயட்டெடிக்ஸ் இன்டர்னுக்கு

டயட்டெடிக்ஸ் (உணவியல்) படிப்பில் இன்டர்ன்ஷிப் என்றாலே பலருக்கும் நினைவுக்கு வருவது மருத்துவமனை வார்டுதான். சர்க்கரை, சிறுநீரகம், டியூப் ஃபீடிங் எல்லாம் அங்கே படியும். நோயாளியின் வீட்டு அடுப்படி மட்டும் கண்ணில் படாது. அதைப் பார்க்க அங்கன்வாடியை விட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஐ.சி.டி.எஸ். (ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம்) மையங்கள்தான் இவை. ஊரில் இன்னும் "பால்வாடி" என்றுதான் சொல்வார்கள்.

1. அனுமதி

கல்லூரிக் கடிதத்தோடு உங்கள் வட்டாரத்தின் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலகத்துக்குப் போங்கள். எத்தனை நாள், எந்த மையம், என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். நேராக மையத்துக்குப் போய் நின்றால் டீச்சருக்குத்தான் சங்கடம்.

2. முதல் மூன்று நாள் பேசாதீர்கள்

சார்ட் பேப்பரில் உணவுப் பிரமிடு வரைந்து எடுத்துப் போகத் தோன்றும். அது வீட்டிலேயே இருக்கட்டும். ஆயாம்மாவோடு உட்கார்ந்து கீரை ஆய்ந்து கொடுங்கள். எந்தக் குழந்தை சாப்பிடாமல் தட்டைத் தள்ளுகிறது, எது அக்காவின் தட்டிலிருந்து எடுக்கிறது என்பதெல்லாம் அப்போது தெரியும்.

3. அளக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

பயிற்சியின் பாதி இதுதான். ஒவ்வொரு முறையும் தராசின் முள் பூஜ்ஜியத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். குழந்தையின் கொலுசு, கனத்த அரைஞாண், ஈரமான ஜட்டி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு எடை போடுங்கள். இரண்டு வயதுக்குள் என்றால் படுக்க வைத்து நீளம், அதற்கு மேல் நிற்க வைத்து உயரம். இரண்டும் ஒன்றல்ல, சுமார் 0.7 செ.மீ. வித்தியாசம் வரும்.

பிறகு இடது மேற்கையின் நடுவில் டேப்பைச் சுற்றி அளவு எடுங்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை, 12.5 செ.மீ.க்குக் கீழே போனால் கவனம் தேவை, 11.5-க்குக் கீழே என்றால் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு. இரண்டு பாதங்களையும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து அப்படியே நின்றால் வீக்கம் இருக்கிறது. 11.5-க்குக் கீழான கை அளவு, பாத வீக்கம், இந்த இரண்டில் எது இருந்தாலும் நீங்கள் அறிவுரை சொல்ல உட்கார வேண்டாம். டீச்சரிடமும் கிராம சுகாதார செவிலியரிடமும் அன்றே சொல்லுங்கள்.

எடையை வளர்ச்சி அட்டையில் குறிக்கும்போது பச்சைப் பகுதியில் (வயதுக்கேற்ற எடை) புள்ளி விழுந்துவிட்டால் நிம்மதியாகிவிடுவோம். புள்ளியை விட, மாதாமாதப் புள்ளிகளைச் சேர்க்கும் கோடு முக்கியம். இரண்டு மூன்று மாதமாகக் கோடு படுத்தே கிடந்தால், பச்சையில் இருந்தாலும் அந்த வீட்டுக்கு ஒரு நடை போய் வாருங்கள்.

4. "நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

24 மணி நேர உணவு விவரம் எடுப்பது சுலபம் என்று நினைத்துதான் நானும் போனேன். ஒரு தெருவில் பத்து வீடு கேட்டு, "அசைவம் அறவே இல்லை, புரதம் குறைவு" என்று எழுதி வந்தேன். வழிகாட்டி மேடம் நோட்டைப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "இது என்ன மாசம்மா?" புரட்டாசி.

எனவே நாளைப் பார்த்துக் கேளுங்கள். விரதம், திருவிழா, சம்பளம் வந்த மறுநாள் எல்லாமே கணக்கைக் கெடுக்கும். "காலையில் எழுந்ததும் வாயில் முதலில் என்ன பட்டது?" என்று தொடங்கினால் டீயும் பிஸ்கட்டும் வெளியே வரும், இல்லாவிட்டால் அவற்றைச் சாப்பாடாகவே சொல்ல மாட்டார்கள். அளவைக் கிராமில் கேட்காதீர்கள். அவர்கள் வீட்டுக் கரண்டியையும் டம்ளரையுமே காட்டச் சொல்லுங்கள், பிறகு நீங்கள் மாற்றிக்கொள்ளலாம்.

மையத்தில் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சத்துமாவு பற்றியும் சுற்றி வளைத்தே கேட்க வேண்டும். "குழந்தைக்குக் கொடுக்கிறீங்களா?" என்றால் எல்லாரும் "ஆமாங்க" என்பார்கள். "அந்த மாவு வீட்ல யாருக்கெல்லாம் பிடிக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். மாமியார், பெரிய பையன், சில வீட்டில் மாடு வரைக்கும் பட்டியல் நீளும். குற்றம் சொல்லும் முகத்தை மட்டும் காட்டிவிடாதீர்கள், அடுத்த வீட்டில் கதவு திறக்காது.

5. ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள்

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில் (2019-21) தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. அதற்காக இரும்புச்சத்து பற்றி அரை மணி நேரம் பேசினால் யாரும் உட்கார மாட்டார்கள். இரும்புச்சத்து உடலில் சேர, சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதை ஒரு மணி நேரம் தள்ளிப் போடுவது, முருங்கைக்கீரைப் பொரியலில் எலுமிச்சை பிழிவது, இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

செய்து காட்டுவதானால் அடுப்பை அம்மாக்களிடமே விட்டுவிடுங்கள். ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குச் சத்துமாவுக் கஞ்சி என்றால், கரண்டியைச் சாய்த்தால் தண்ணியாக ஓடாமல் மெதுவாக விழும் பதம் வேண்டும். கூட ஒரு சொட்டு எண்ணெயோ நெய்யோ. "தண்ணியா இருந்தாதான் செரிக்கும்" என்று பாட்டி சொல்வார். வாதாட வேண்டாம், இரண்டு பதத்தையும் இரண்டு கிண்ணத்தில் வைத்து, "பிள்ளையோட வயிறு உங்க மூடின கை அளவுதான் பாட்டி, எதை ஊத்தலாம்?" என்று அவரையே கேளுங்கள்.

6. லாக் புக்

அன்றன்று மாலையே எழுதுங்கள், வார இறுதியில் எழுதினால் கற்பனை கலக்கும். நேரம், செய்தது, நீங்கள் செய்த தவறு. குழந்தையின் பெயருக்குப் பதில் ஓர் எண். அம்மா சம்மதிக்காமல் போட்டோ கிடையாது, சம்மதித்தாலும் ஸ்டேட்டஸில் கிடையாது.

கடைசி நாள், நீங்கள் எடுத்த எடை, கை அளவுகளின் பிரதி ஒன்றை டீச்சரிடம் கொடுங்கள். அடுத்த மாதக் கோட்டை இழுக்கப் போவது அவர்தான்.