டென்னிஸ் பை: 90 விநாடியில் கைக்கு வராத பொருள்கள்

ஆட்டத்தின் நடுவே ஷூ லேஸ் அறுந்தால் அதை மாற்ற நடுவர் கூடுதல் நேரம் தரலாம். ராக்கெட் நரம்பு அறுந்தால் தர மாட்டார். உடை, காலணி, தேவையான பிற பொருள்கள் பழுதானால் சலுகை உண்டு, ராக்கெட்டுக்குக் கிடையாது என்று சர்வதேச டென்னிஸ் விதியே சொல்கிறது. அப்படியிருக்க, இன்னும் எத்தனையோ பேர் ஒற்றை ராக்கெட்டோடு போட்டிக்குக் கிளம்பி வருகிறார்கள்.

இரண்டு வைத்திருந்தும் நான் தோற்றிருக்கிறேன். சென்னையில் ஒரு மே மாதம், உள்ளூர்ப் போட்டி, முதல் செட் 4-4. எதிராளியின் சர்வீஸைத் திருப்பும்போது நரம்பு அறுந்தது. இரண்டாவது ராக்கெட்டை எடுத்தேன். ஒரு வருடத்துக்கு மேல் உறைக்குள்ளேயே கிடந்தது அது, நரம்பு தளர்ந்துபோயிருந்தது. வழக்கமான வேகத்தில் அடித்த பந்துகள் எல்லைக்கோட்டைத் தாண்டித் தாண்டி விழுந்தன. செட் கைவிட்டுப் போயிற்று. மாற்று ராக்கெட் என்றால் அதே மாடல், அதே இழுவிசை, ஒரே நாளில் கட்டிய நரம்பு. பயிற்சியின்போதும் இரண்டையும் மாற்றி மாற்றி ஆட வேண்டும். வாரத்துக்கு எத்தனை நாள் ஆடுகிறோமோ, வருடத்துக்கு அத்தனை முறை நரம்பு மாற்றுவது ஆட்டக்காரர்கள் வழிவழியாகச் சொல்லும் கணக்கு. பாலியெஸ்டர் நரம்பு அறுவதற்கு வெகுநாள் முன்பே விறைப்பை இழந்துவிடும் என்பதால், அறுபடும்வரை காத்திருக்கக் கூடாது.

பையைக் கார் டிக்கியில் போட்டுவிட்டு அலுவலகம் போகிறவர்கள் நரம்பு மாற்றும் இந்தச் செலவைக் கூட்டிக்கொள்கிறார்கள். வெயிலில் நிற்கும் காரின் சூட்டில் நரம்பு இன்னும் வேகமாகத் தளரும். பை வீட்டுக்குள் இருக்கட்டும்.

அடுத்தது கிரிப், ராக்கெட்டின் கைப்பிடியில் சுற்றும் பட்டை. பக்கம் மாறும்போது கிடைக்கும் இடைவேளை 90 விநாடி. ஒவ்வொரு செட்டிலும் முதல் கேம் முடிந்து மாறும்போது அதுவும் இல்லை. சிறுவர் போட்டி ஒன்றில் ஒரு பையன் அந்த 90 விநாடியில் ஓவர்கிரிப் (மேலே சுற்றும் மெல்லிய பட்டை) மாற்ற முயன்றதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். உறையைப் பல்லால் கிழித்தான். கிரிப்பின் மேல் ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஈர விரல்களில் ஒட்டிக்கொண்டது. ஒருவழியாகச் சுற்றி முடித்தபோது நுனியை ஒட்ட டேப் இல்லை. பிரிந்து தொங்கிய நுனியைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடியே சர்வீஸ் போடப் போனான். பார்க்கவே மனம் வலித்தது. கிளம்பும் முன் இரண்டு ராக்கெட்டுகளிலும் புதிய கிரிப்பைச் சுற்றிவிட்டால் இந்தப் பாடே இல்லை. அதற்கு மேலும் இரண்டு கிரிப், சிறிய கத்தரிக்கோல், எலெக்ட்ரிக்கல் டேப், கொப்புளத்துக்கு பிளாஸ்டர் ஆகியவை பக்கவாட்டு ஜிப்பில் எப்போதும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். துண்டு இரண்டு: ஒன்று முகத்துக்கு, மற்றது கைக்கும் கைப்பிடிக்கும்.

தண்ணீர் விஷயத்தில் நடக்கும் தவறு கொஞ்சம் அபாயகரமானது. ஒரு லிட்டருக்கான ஓஆர்எஸ் பாக்கெட்டை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டிக் கலக்குகிறார்கள். உப்பு அதிகமானால் பலனும் அதிகம் என்பது தப்புக்கணக்கு. வயிற்றைப் புரட்டும், தாகம் இன்னும் கூடும். பாக்கெட்டில் உள்ள அளவை அப்படியே பின்பற்றுங்கள். தனியாக வெறும் தண்ணீரும் வேண்டும். இதுவரை குடித்தே பார்க்காத பானத்தைப் போட்டி நாளில் முயல வேண்டாம். வாழைப்பழம் போதும், அதையும் டப்பாவில் வைத்தால்தான் ராக்கெட்டுக்கு அடியில் நசுங்காது.

ஓட்டப்பயிற்சி ஷூவோடு வருவது கணுக்காலுக்குக் கேடு. அது நேராக ஓடுவதற்கானது. டென்னிஸில் பக்கவாட்டில் பாய்ந்து நிற்கும்போது காலைத் தாங்காது. சாக்ஸ் கூடுதலாக ஒரு ஜோடி, பனியன் இரண்டு.

பந்து டப்பாவைத் திறந்த நாளிலிருந்தே பந்துகளின் அழுத்தம் குறையத் தொடங்கும். பழைய பந்தையும் புதியதையும் ஒரே உயரத்திலிருந்து போட்டுப் பாருங்கள். தாழ்வாக எழும்புவதை சர்வீஸ் பயிற்சிக்கு ஒதுக்கிவிடலாம்.

ஆடி முடித்த களைப்பில் நனைந்த பனியனையும் துண்டையும் பையில் ராக்கெட் வைக்கும் அறைக்குள் திணிப்பதுதான் பெரும்பாலோர் வழக்கம். அவற்றுக்கென்று ஒரு பிளாஸ்டிக் பை மடித்து வையுங்கள். வீட்டுக்குள் நுழைந்ததும், குளிக்கப் போகும் முன்பே, பையைக் கவிழ்த்து எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள். ஷூவை நிழலில் காற்றாட வைத்து, பையின் ஜிப்புகளைத் திறந்தே விடுங்கள். தீர்ந்துபோன கிரிப்பையும் பிளாஸ்டரையும் அப்போதே எழுதி வைத்துக்கொள்ளலாம்.