லீவர் ரைஃபிளில் தோட்டா சிக்காமல் ஏற

ட்ரிகருக்குக் கீழே இருக்கிற லீவரை முன்னும் பின்னும் இயக்கி அடுத்த தோட்டாவை ஏற்றுவதுதான் லீவர் ரைஃபிள். அதில் தோட்டா சிக்கினால் எல்லோரும் முதலில் துப்பாக்கியைத்தான் திட்டுகிறார்கள். ஆனால் பெரும்பாலும் காரணம் வேறு. ஒன்று, போட்ட தோட்டாவின் நீளமோ மூக்கோ அந்த ரைஃபிளுக்கு ஒத்துவராது. இல்லையென்றால் லீவரைப் பயந்து பயந்து பாதியிலேயே திருப்பியிருப்போம். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பழைய எஸ்டேட் குடும்பத்தில் தாத்தா காலத்து .44-40 வின்செஸ்டரை லைசென்ஸோடு வைத்திருப்பவர்களுக்கும், இங்கிருந்து அமெரிக்கா போய் அங்கே துப்பாக்கி சுடும் ரேஞ்சில் .357 மேக்னம் தோட்டா சுடுகிற நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஊரில் இருப்பவர்கள் ஒன்றை மனதில் வையுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. பன்றி கேரட் தோட்டத்தில் புகுந்தாலும் காட்டெருமை தேயிலைக்குள் நின்றாலும் வனத்துறைக்குத்தான் போன் போட வேண்டும். சுடுவது ரேஞ்சில் மட்டும், லைசென்ஸில் எழுதியிருக்கிற தோட்டாவை மட்டும்.

சரி, தோட்டாவுக்கு வருவோம். பேரலுக்குக் கீழே ஓடுகிற குழல்தான் மேகசின். அதற்குள் தோட்டாக்கள் வரிசையாக நிற்கும், ஒன்றின் மூக்கு அதற்கு முன்னால் இருப்பதன் அடியில் முட்டிக்கொண்டிருக்கும். அந்த அடியின் நடுவில்தான், அடிபட்டால் பொறி கிளப்பி மருந்தைப் பற்றவைக்கிற பிரைமர் இருக்கிறது. கூர்மூக்குத் தோட்டாவைப் போட்டுவிட்டுச் சுட்டால், உதைக்கும் அதிர்ச்சியில் அந்தக் கூர் முன்னால் இருக்கும் பிரைமரைக் குத்தி குழலுக்குள்ளேயே வெடிக்கலாம், உங்கள் இடது கை பிடித்திருப்பது சரியாக அந்த இடத்தைத்தான். அதனால் தட்டை மூக்குதான் வாங்க வேண்டும், இதில் பேரமே கிடையாது.

அடுத்தது நீளம். .357 ரைஃபிளில் .38 ஸ்பெஷல் தோட்டாவும் சுடலாம், விலையும் குறைவு, தோளுக்கும் இதம். குண்டையும் மருந்தையும் பிடித்திருக்கிற உலோக உறைதான் கூடு; .38 கூடு சுமார் 29 மில்லிமீட்டர், .357 கூடு சுமார் 33. குண்டோடு சேர்த்துப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளத்துக்கு வந்துவிடும் என்பதால் பல ரைஃபிள்களில் .38 தொந்தரவில்லாமல் ஏறும். ஆனால் குண்டு முழுவதும் கூட்டுக்குள் அமிழ்ந்திருக்கிற வாட்கட்டர் ரொம்பக் குட்டை. வின்செஸ்டர் 1873 மாடலில் தோட்டாவைத் தூக்குகிற கேரியர் ஒரு பெட்டி மாதிரி, அதன் நீளத்துக்கேற்ற தோட்டா வந்து உட்கார்ந்தால்தான் அது மேலே போகும். குட்டையாக இருந்தால் பின்னால் வருகிற தோட்டாவின் விளிம்பும் உள்ளே எட்டிப் பார்க்கும், நீளமாக இருந்தால் அதன் மூக்கே வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், எப்படியானாலும் லீவர் நகராது. குண்டில் தோள் மாதிரி ஒரு படியோடு இருக்கிற செமி வாட்கட்டர் வேறு மாதிரி படுத்தும், அந்தத் தோள் சேம்பர் வாயில், அதாவது பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையின் வாயில், இடித்து நிற்கும். புதுத் தோட்டா வாங்கினால் ஒரே பெட்டியில் நிறுத்திக்கொள்ளுங்கள், உங்கள் ரைஃபிளில் ஓடுகிறது என்று தெரிந்த பிறகு நிறைய வாங்கலாம். கூட்டின் வாய் குண்டைச் சுற்றி உள்நோக்கி மடிந்து இறுகியிருக்கிறதா என்றும் பாருங்கள், இறுகாவிட்டால் ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் குண்டு உள்ளே போய்விடும்.

இன்னொன்று, சுடும்போது தோட்டாவின் பின்பக்கத்தை இறுக்கி மூடிவைக்கிற பூட்டு அமைப்பு 1873-ல் பலவீனமானது. 1892 மாடலில் துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரௌனிங் இரண்டு செங்குத்துப் பூட்டுகள் வைத்து அதைப் பலப்படுத்தினார். பழைய 1873-ல் பலமான மருந்துத் தோட்டாவைப் போடவே போடாதீர்கள்.

பக்கவாட்டு கேட் வழியாகத் தோட்டாவை ஏற்றும்போது ஒவ்வொன்றையும் கடைசிவரை தள்ளாதீர்கள். விளிம்பு கேட்டிலேயே நிற்கட்டும், அடுத்த தோட்டாவின் மூக்கை வைத்து அதை உள்ளே தள்ளுங்கள், கேட் மூடிக்கொள்ளாது, கட்டைவிரலும் கிழியாது. கடைசித் தோட்டாவை மட்டும் முழுக்கத் தள்ளினால் போதும்.

அப்புறம் லீவர். ரைஃபிளைத் தோளிலிருந்து இறக்காமல், விரல் ட்ரிகரிலிருந்து விலகியிருக்க, லீவரை முன்பக்கம் இனி போகாது என்கிற இடம்வரை ஒரே வீச்சில் தள்ளுங்கள், அதே உறுதியோடு பின்னுக்கு இழுத்து மூடுங்கள். பழைய துப்பாக்கி, பாவம் என்று மெதுவாகச் செய்பவர்களுக்குத்தான் காலிக்கூடு வெளியே தெறிக்காமல் உள்ளேயே கிடக்கும், அடுத்த தோட்டா பாதி ஏறி நிற்கும். முழு வீச்சு கொடுத்தும் மார்லின் 1894 மாதிரித் துப்பாக்கி திரும்பத் திரும்ப மாட்டிக்கொள்கிறது என்றால் கேரியர் தேய்ந்திருக்கலாம், அதை லைசென்ஸ் உள்ள துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

சிக்கினால் லீவரை முரட்டுத்தனமாக இழுக்காதீர்கள். பேரலின் வாயை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு, திறந்திருக்கும் வழியாக எது எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ட்ரிகரை அழுத்தியும் வெடிக்கவில்லை என்றால் அரை நிமிடம் அப்படியே பிடித்திருந்து பிறகு திறங்கள். சத்தம் மட்டும் புஸ்ஸென்று வந்தால் அடுத்ததைச் சுடவே கூடாது. நீளமான பேரலில் பலமில்லாத தோட்டாவின் குண்டு நடுவிலேயே நின்றுவிட வாய்ப்பு உண்டு, எல்லாவற்றையும் காலி செய்து பேரல் வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.

.38 நிறையச் சுட்டால் சேம்பருக்குள் கூட்டின் வாய் முடிகிற இடத்தில் கரி ஒரு வளையமாகப் படியும், அப்புறம் .357 போட்டால் இறுகிக்கொள்ளும். அன்றே பிரஷ் போட்டுத் தேய்த்துவிடுங்கள்.

நம் மலையில் ஈரம்தான் பெரிய எதிரி. ஊட்டிக்கும் கூடலூருக்கும் ஜூன், ஜூலையில், குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர், நவம்பரில் மழை. தோல் உறையிலோ கேன்வாஸ் உறையிலோ போட்டு மூடி வைத்தால் அந்த உறையே ஈரத்தைப் பிடித்து வைத்து துரு ஏற்றும். மழை முடிந்ததும் குழல் மேகசினின் மூடியைக் கழற்றி ஸ்பிரிங்கைத் துடைத்து மெல்லிசாக எண்ணெய் தடவுங்கள், கழற்றும்போது ஸ்பிரிங் துள்ளி வரும், முகத்தைத் தள்ளி வையுங்கள். தோட்டாவின் மேல் எண்ணெய் படக்கூடாது, பிரைமருக்குள் இறங்கினால் வெடிக்காமல் போகும். தேர்தல் நேரத்தில் ஸ்டேஷனில் ஒப்படைத்து வாங்கி வந்தாலும் சுடுவதற்கு முன் இதையெல்லாம் பார்த்துவிடுங்கள்.

சுட்டு முடித்ததும் விரலை ட்ரிகருக்கு வெளியே வைத்து லீவரை இயக்கி இயக்கி ஒவ்வொரு தோட்டாவாக வெளியேற்றுங்கள். எல்லாம் வந்துவிட்டது என்று தோன்றினாலும் இன்னும் ரெண்டு தடவை இயக்கி, சேம்பருக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்து, கேட் வழியாக மேகசினில் ஸ்பிரிங்கின் முனையில் தோட்டாக்களைத் தள்ளுகிற உருளை கண்ணுக்குத் தெரிகிறதா என்று உறுதி செய்த பிறகே அதை மேஜையில் வையுங்கள்.