மாணவத் தம்பதிக்கு க்ரீன் கார்டு: பணப் படிவத்திலிருந்து தொடங்குங்கள்

இருவரும் அமெரிக்காவில் படிக்கிறார்கள். ஒருவருக்கு அமெரிக்கக் குடியுரிமை உண்டு, இன்னொருவர் எஃப்-1 மாணவர் விசாவில் வந்தவர். திருமணத்தைப் பதிவு செய்தாயிற்று, அடுத்தது க்ரீன் கார்டு. இந்த நிலையில் இருப்பவர்களுக்காக எழுதியது இது. துணை இன்னும் வெளிநாட்டில் இருந்தால் பாதை வேறு: உறவை நிறுவும் மனுவான ஐ-130 ஒப்புதலான பின் கோப்பு தேசிய விசா மையத்துக்குப் போகும், டிஎஸ்-260 என்ற விசா விண்ணப்பத்தை நிரப்பி, தூதரகத்தில் நேர்காணல் நடக்கும். ஆனாலும் பணப் படிவத்தைப் பற்றியும் உறவுக்கான ஆதாரத்தைப் பற்றியும் கீழே உள்ளது அவர்களுக்கும் பொருந்தும்.

மாணவர்கள் பெரும்பாலும் ஐ-130 படிவத்தைத் திறந்து பெயர், முகவரி என்று நிரப்பத் தொடங்குகிறார்கள். அது எளிதான படிவம், ஒரு மாலையில் முடிந்துவிடும். மாணவர்களின் கோப்பு மாட்டிக்கொள்வது ஐ-864 என்ற பணப் பொறுப்புப் படிவத்தில்தான். அதற்கு வேண்டிய ஆளையும் காகிதங்களையும் சேர்க்க வாரக்கணக்கில் ஆகும். அதனால் முதலில் அதைத் தொடங்குங்கள்.

ஐ-864: சம்பளம் போதாதபோது

குடியுரிமை உள்ள துணைதான் ஸ்பான்சர், அதாவது பணப் பொறுப்பு ஏற்பவர். தன் குடும்ப அளவுக்கான வறுமைக் கோட்டு வருமானத்தில் 125 சதவீதமாவது தனக்கு வருகிறது என்று அவர் காட்ட வேண்டும். கணவன் மனைவி இருவர் மட்டுமுள்ள குடும்பத்துக்கு 2025-ஆம் ஆண்டுக் கணக்கில் அது 26,437 டாலர் (அலாஸ்கா, ஹவாய்க்குத் தனிக் கணக்கு). தொகை ஆண்டுதோறும் மாறும். விண்ணப்பிக்கும் அன்று ஐ-864பி என்ற அட்டவணையில் இருப்பதே செல்லும்.

வளாகத்தில் பகுதிநேர வேலை பார்க்கும் இளங்கலை மாணவருக்கு இந்தத் தொகை எட்டாது. அப்போது இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி சேமிப்பு. ஸ்பான்சர் குடியுரிமை உள்ள கணவனோ மனைவியோ என்றால், குறைகிற தொகையைப் போல மூன்று மடங்கு சொத்து காட்டலாம். ஆண்டு வருமானம் 11,000 என்று வையுங்கள். குறைவது 15,437, அதன் மூன்று மடங்கு 46,311 டாலர். ஓராண்டுக்குள் பணமாக்கக்கூடிய சொத்தாக அது இருக்க வேண்டும். க்ரீன் கார்டு கேட்கும் துணையின் சேமிப்பையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது வழி ஜாயின்ட் ஸ்பான்சர், அதாவது உடன் பொறுப்பேற்கும் இன்னொருவர். மாணவர்களில் பெரும்பாலோருக்கு இதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். அவர் அமெரிக்கக் குடியுரிமையோ க்ரீன் கார்டோ உள்ளவராக, 18 வயது நிரம்பியவராக, அமெரிக்காவில் நிலையாக வசிப்பவராக இருந்தால் போதும். சொந்தக்காரராக இருக்கத் தேவையில்லை. தன் குடும்பத்தோடு உங்கள் துணையையும் ஒரு தலையாகச் சேர்த்து, அந்த அளவுக்கான 125 சதவீதத்தை அவர் தனியாகவே எட்ட வேண்டும். நால்வர் உள்ள குடும்பத்துக்கு ஒருவர் கூடி ஐந்தாகும், 2025 கணக்கில் 47,062 டாலர். ஸ்பான்சரின் 11,000-ஐயும் ஜாயின்ட் ஸ்பான்சரின் 40,000-ஐயும் கூட்டிக் காட்ட முடியாது.

இங்கே ஒரே தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. ஜாயின்ட் ஸ்பான்சர் கிடைத்துவிட்டார் என்பதால், குடியுரிமை உள்ள துணை தன் ஐ-864-ஐ அனுப்பாமல் விட்டுவிடுகிறார். வருமானம் பூஜ்யமே ஆனாலும் அவர் தன் படிவத்தை நிரப்பிக் கையெழுத்திட்டே ஆக வேண்டும். ஆக, உறையில் இரண்டு ஐ-864 இருக்க வேண்டும். ஒன்று குறைந்தால் கூடுதல் ஆதாரம் கேட்கும் கடிதம் வரும், கோப்பு மாதக்கணக்கில் பின்னால் போகும்.

ஒவ்வொரு ஐ-864-உடனும் கடைசி ஆண்டின் வரிக் கணக்கு போக வேண்டும். வரித் துறையான ஐஆர்எஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் டிரான்ஸ்கிரிப்டை (கணக்கின் சுருக்கம்) வைப்பது நல்லது. வரிக் கணக்கின் நகல் வைத்தால் அதனுடன் வேலை தருபவர் தரும் டபிள்யூ-2 சம்பளச் சான்றையும் சேர்க்க வேண்டும். வருமானம் குறைவு என்பதால் கணக்கே தாக்கல் செய்யாத மாணவர், தாக்கல் செய்யும் கடமை தனக்கு ஏன் இல்லை என்று காரணம் எழுதிக் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதம் வைக்க வேண்டும். அந்த இடத்தை வெறுமனே விட்டால் கேள்வி வருவது நிச்சயம். ஜாயின்ட் ஸ்பான்சர் இவற்றோடு குடியுரிமை அல்லது க்ரீன் கார்டு ஆதாரம், ஆறு மாதச் சம்பளச் சீட்டுகள், வேலை தருபவரின் கடிதம் ஆகியவற்றையும் தந்தால் கோப்பு பலமாக இருக்கும்.

பெற்றோரின் வருமானத்தை ஐ-864ஏ வழியாகச் சேர்க்கவும் இடமுண்டு. ஆனால் அதற்கு இருவருக்கும் ஒரே நிலையான வசிப்பிடம் வேண்டும். விடுதியில் தங்கிப் படிப்பவருக்கு இது வீண் கேள்விகளை வரவழைக்கும். பெற்றோரின் வருமானம் போதுமானால் அவர்களை நேரடியாக ஜாயின்ட் ஸ்பான்சராக்குவதே சுத்தமான வழி.

கையெழுத்துக் கேட்கும்போது ஜாயின்ட் ஸ்பான்சரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். இது சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். உங்கள் துணை குடியுரிமை பெறும் வரை, அல்லது சமூகப் பாதுகாப்புக் கணக்கில் 40 காலாண்டு வேலை சேரும் வரை, அல்லது நாட்டை நிரந்தரமாக விட்டுப் போகும் வரை, அல்லது இறக்கும் வரை அந்தப் பொறுப்பு நீடிக்கும். விவாகரத்து ஆனாலும் முடியாது. இதைத் தெரிந்துகொண்டு கையெழுத்திடுகிற ஒருவரே உங்களுக்கு வேண்டும்.

வரிக் கணக்கில் 'சிங்கிள்' என்று போடாதீர்கள்

டிசம்பர் 31 அன்று திருமணமாகியிருந்தாலும் அந்த ஆண்டு முழுவதற்கும் நீங்கள் மணமானவர். எஃப்-1 மாணவர் பொதுவாக முதல் ஐந்து நாட்காட்டி ஆண்டுகள் வரி விஷயத்தில் வெளிநாட்டவராகவே கருதப்படுவார், வெளிநாட்டவருக்கான 1040-என்ஆர் வரிப் படிவத்தைத் தாக்கல் செய்வார். அதனால் குடியுரிமை உள்ள துணை பழக்கத்தில் 'சிங்கிள்' என்று குறித்துவிடுகிறார். பிறகு அதே டிரான்ஸ்கிரிப்ட், நாங்கள் கணவன் மனைவி என்று சொல்லும் கோப்பிலேயே வந்து உட்காருகிறது. சரியான வழிகள் இரண்டு: மணமானவர் தனித் தாக்கல், அல்லது துணையை வரிக்கு மட்டும் உள்நாட்டவராகக் கொள்ளும்படி இருவரும் கையெழுத்திட்ட அறிக்கை இணைத்துக் கூட்டுத் தாக்கல். கூட்டுத் தாக்கலில் துணையின் வெளிநாட்டு வருமானமும் கணக்கில் வரும். ஏற்கெனவே தவறாகக் கொடுத்திருந்தால், 1040-எக்ஸ் மூலம் திருத்திவிட்டு விண்ணப்பியுங்கள்.

கல்வி உதவிக்கான ஃபாஃப்சா, பல்கலைக்கழகப் பதிவேடு, மருத்துவக் காப்பீடு எல்லாவற்றிலும் மண நிலையும் தேதியும் ஒன்றாக இருக்கட்டும்.

மாணவர் வாழ்க்கைக்குக் காகிதம் குறைவு

வீடு வாங்கியிருக்க மாட்டீர்கள், கார் ஒருவர் பெயரில் இருக்கும், மின் கட்டணம் வாடகையிலேயே அடங்கியிருக்கும். உறவு உண்மையாக இருந்தும் காட்டக் காகிதம் இருக்காது. விண்ணப்பிப்பதற்கு மூன்று நான்கு மாதங்கள் முன்பே அதை உருவாக்கத் தொடங்குங்கள்: இருவர் பெயரிலும் வாடகை ஒப்பந்தம் அல்லது பல்கலைக்கழகத்தின் குடும்பக் குடியிருப்பு ஒப்பந்தம், உண்மையிலேயே சம்பளம் வந்து மளிகைச் செலவு போகிற கூட்டு வங்கிக் கணக்கு, ஒரே செல்போன் திட்டம், காப்பீட்டில் துணையின் பெயர், அவசரத் தொடர்பு என்ற இடத்தில் துணையின் பெயர். மாணவர் மருத்துவக் காப்பீட்டில் துணையைச் சேர்க்கத் திருமணத்துக்குப் பின் குறுகிய கெடுதான் இருக்கும். திருமணம் ஆன அந்த வாரமே விசாரித்துவிடுங்கள். நூறு டாலர் போட்டுத் தொடாமல் வைத்த கூட்டுக் கணக்கால் பயனில்லை. கணக்கில் பணம் வந்து போயிருக்கிறதா என்றுதான் அதிகாரி பார்ப்பார்.

இருவரும் வெவ்வேறு ஊர்ப் பல்கலைக்கழகங்களில் இருந்தால் அதை மறைக்காதீர்கள். ஏன் தனித்தனியாக இருக்கிறோம், எப்போது படிப்பு முடியும், அதன் பிறகு எங்கே சேர்ந்து இருப்போம் என்று ஒரு பக்கம் எழுதி, இரண்டு சேர்க்கைக் கடிதங்களையும் பயணச் சீட்டுகளையும் இணையுங்கள். புகைப்படம் 15, 20 போதும். ஒவ்வொன்றின் கீழும் தேதி, இடம், உடன் இருப்பவர் யார் என்று எழுதுங்கள்.

அந்தஸ்து, வேலை, பயணம்

க்ரீன் கார்டு விண்ணப்பமான ஐ-485-ஐக் கொடுத்துவிட்டோம், இனி வகுப்புக்குப் போகாவிட்டாலும் பரவாயில்லை என்று நினைக்கக் கூடாது. அது மறுக்கப்பட்டால் காலூன்ற எஃப்-1 இருக்க வேண்டும். முழுநேரப் படிப்பைத் தொடருங்கள். ஐ-485 அடிப்படையில் கிடைக்கும் வேலை அனுமதி அட்டையை வைத்து வளாகத்துக்கு வெளியே வேலைக்குச் சேர்ந்தால், எஃப்-1 அந்தஸ்து முடிந்ததாகவே கொள்ளப்படும். தெரிந்தே எடுக்கும் முடிவாக அது இருக்கட்டும்.

பயண அனுமதி கைக்கு வராமல் நாட்டை விட்டு வெளியே போகாதீர்கள். கருத்தரங்குக்கு மூன்று நாள் கனடா போனாலும் ஐ-485 கைவிடப்பட்டதாகிவிடும். எச்-1பி வேலை விசா வைத்திருப்பவருக்கு உள்ள விலக்கு எஃப்-1-க்கு இல்லை. பாஸ்போர்ட்டில் எஃப்-1 விசா இன்னும் செல்லுபடியாகும் என்பதும், பல்கலைக்கழகம் தந்த ஐ-20 படிவத்தில் பயணக் கையெழுத்து இருப்பதும் இதில் உதவாது.

இதைவிட ஆபத்தான ஒன்று வளாகத்திலேயே நடக்கும். மேஜை போட்டு வாக்காளர் பதிவு செய்கிறவர்கள் படிவத்தை நீட்டுவார்கள். ஓட்டுநர் உரிமம் எடுக்கும் இடத்திலும் அதே கேள்வி வரும். வேலையில் சேரும்போது ஐ-9 படிவத்தில் குடிமகன் என்ற கட்டம் முதலில் இருக்கும். குடியுரிமை இல்லாதவர் அங்கே 'ஆம்' என்று குறித்தால், பொய்யாகக் குடியுரிமை கோரியதாக ஆகலாம். விசாக் காலம் கடந்து தங்கியதையும் அனுமதியின்றி வேலை செய்ததையும், முறையாக நுழைந்த, குடிமக்களின் கணவன் மனைவிக்குச் சட்டம் பொறுத்துக்கொள்கிறது. பொய்க் குடியுரிமையைப் பொறுப்பதில்லை, விலக்கும் கிட்டத்தட்டக் கிடையாது. அப்படி ஏற்கெனவே நடந்திருந்தால், அல்லது கைது, முந்தைய நாடுகடத்தல், ஜே-1 பரிமாற்ற விசாவின், சொந்த நாட்டில் இரண்டாண்டு இருக்க வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் இருந்தால், விண்ணப்பிக்கும் முன் குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள். மற்றவர்கள் தாங்களே செய்யலாம்.

உறையும் கட்டணமும்

ஐ-130, துணையின் விவரங்களுக்கான ஐ-130ஏ, ஐ-485, ஐ-864 கட்டாயம். வேலை அனுமதிக்கு ஐ-765, பயண அனுமதிக்கு ஐ-131. காகிதத்தில் அனுப்பினால் ஐ-130-க்கு 675 டாலர் (ஆன்லைனில் 625), ஐ-485-க்கு 1,440, அதனுடன் சேரும் ஐ-765-க்கு 260, ஐ-131-க்கு 630. மொத்தம் 3,005. கையில் பணம் இல்லையென்றால் ஐ-131-ஐப் பிறகு கொடுக்கலாம். இந்தக் கட்டணங்கள் 2024 ஏப்ரலில் வந்தவை. அனுப்பும் நாளில் குடிவரவுத் துறையான யுஎஸ்சிஐஎஸ் தளத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

ஒவ்வொரு படிவத்துக்கும் தனித்தனியாகப் பணம் கட்ட வேண்டும், மொத்தமாகக் கட்டினால் முழு உறையும் திரும்பும். 2025 அக்டோபர் 28-க்குப் பின் காசோலை ஏற்பதில்லை. அட்டைக்கு ஜி-1450, வங்கிக் கணக்கிலிருந்து எடுக்க ஜி-1650. மாணவர் கிரெடிட் கார்டின் வரம்பு பல நேரம் 1,440-ஐத் தாங்காது. தாங்கினாலும், வழக்கமில்லாத தொகை என்று வங்கி மறுத்துவிடலாம். முன்கூட்டியே வங்கிக்குச் சொல்லிவிடுங்கள்.

மருத்துவப் பரிசோதனைப் படிவம் ஐ-693-ஐ 2024 டிசம்பர் 2 முதல் ஐ-485-உடனேயே வைக்க வேண்டும். பல்கலைக்கழக மருத்துவரின் கையெழுத்து போதாது, யுஎஸ்சிஐஎஸ் அங்கீகரித்த சிவில் சர்ஜன்தான் தர வேண்டும். ஆனால் பல்கலைக்கழகத்தில் நீங்கள் கொடுத்த தடுப்பூசிப் பதிவைக் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள், திரும்பப் போடும் ஊசிகள் குறையும். அவர் தரும் ஒட்டிய உறையைத் திறக்கவே கூடாது.

திருமணச் சான்றாக, சடங்கு நடத்தியவர் தந்த அழகான சான்று செல்லாது. அரசுப் பதிவு அலுவலகத்தின் சான்றளித்த நகல் வேண்டும். ஆங்கிலம் அல்லாத ஆவணங்களுக்கு முழு மொழிபெயர்ப்பும், இது முழுமையானது, சரியானது, இரு மொழியும் எனக்குத் தெரியும் என்று மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட வரிகளும் போதும், நோட்டரி தேவையில்லை. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக உள்ளவர்கள் கவனிக்க வேண்டும்: விசாவில் பெயர் வேறு மாதிரி ஏறியிருக்கும். பிறப்புச் சான்று, பாஸ்போர்ட், ஐ-94 என்ற நுழைவுப் பதிவு மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, எல்லா வடிவங்களையும் 'வேறு பெயர்கள்' பகுதியில் எழுதுங்கள்.

படிவத்தின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பதிப்புத் தேதி இருக்கும். போன செமஸ்டரில் இறக்கிய பக்கமும் இன்று இறக்கிய பக்கமும் கலந்தால் நிராகரிப்பார்கள்.

தபாலும் விடுதியும்

கோடையில் விடுதி மூடும். வேலை அனுமதி அட்டை அந்த முகவரிக்குப் போனால், தபால் துறை அதைப் புதிய முகவரிக்கு அனுப்பாது, அலுவலகத்துக்கே திருப்பிவிடும். நிலையான வீடு உள்ள ஒருவரின் முகவரியைத் தபால் முகவரியாக, 'In Care Of' (இவர் வழியாக) என்ற கட்டத்தில் அவர் பெயரோடு கொடுங்கள். எங்கே குடிபெயர்ந்தாலும் 10 நாட்களுக்குள் யுஎஸ்சிஐஎஸ்ஸுக்கு ஏஆர்-11 என்ற முகவரி மாற்றப் படிவம் கொடுக்க வேண்டும். தபால் துறையிடம் மட்டும் முகவரி மாற்றினால் போதாது.

கைரேகை நாளில் தேர்வு வந்தால், முன்கூட்டியே நாள் மாற்றக் கேளுங்கள். சொல்லாமல் போகாவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகும். நேர்காணலுக்கு இருவரும், எல்லா அசல் ஆவணங்களோடும், விண்ணப்பித்த பிறகு சேர்ந்த புது ஆதாரங்களோடும் போக வேண்டும்.

க்ரீன் கார்டு ஒப்புதலாகும் நாளில் திருமணமாகி இரண்டு ஆண்டு நிறையாவிட்டால், இரண்டாண்டு நிபந்தனை அட்டைதான் வரும். அது காலாவதியாகும் தேதிக்கு முந்தைய 90 நாட்களுக்குள், நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 படிவம் அனுப்ப வேண்டும். இருவரும் சேர்ந்து அனுப்பும்போது அதற்கு முன்பே அனுப்பினால் திருப்பிவிடுவார்கள். அட்டை வந்த அன்றே அந்தத் தேதியை இருவர் நாட்காட்டியிலும் குறித்து, வாடகை ஒப்பந்தத்தையும் வங்கி அறிக்கையையும் வரிக் கணக்கையும் அதே கோப்பில் தொடர்ந்து போட்டுவாருங்கள்.