இன்மைக் கருதுகோள்: நிராகரிக்க முடியாததெல்லாம் நிரூபணம் ஆகாது

புதிதாக ஆய்வுக்கு வருகிறவர்களின் அறிக்கைகளைப் படித்துத் திருத்தித் தருவது என் வேலைகளில் ஒன்று. நாங்கள் படித்த காலத்தில் செய்த அதே தவறுகளை அவர்களும் செய்கிறார்கள். சூத்திரம் மாறிப்போவது, அட்டவணையில் வரிசை தவறுவது போன்றவற்றை யாராவது பிடித்துவிடுவார்கள். கருதுகோள் சோதனையில் யார் கண்ணிலும் படாமல் அச்சுவரை போகிறவற்றை மட்டும் சொல்கிறேன். இன்மைக் கருதுகோள் என்பது சோதிப்பதற்காக முதலில் வைத்துக்கொள்ளும் கூற்று, பெரும்பாலும் "வேறுபாடு இல்லை" என்பது. தரவு அதற்குப் பொருந்தாவிட்டால் அதை நிராகரிக்கிறோம்.

கருதுகோளை மாதிரியின் மேல் எழுதுவது

மாதிரியின் சராசரி கையிலேயே இருக்கிறது. அதற்கு எதற்குச் சோதனை? கருதுகோள் முழுமைத்தொகுதியைப் பற்றியது, அதாவது மாதிரி எடுக்கப்பட்ட மொத்தக் கூட்டத்தைப் பற்றியது.

"நிராகரிக்க முடியவில்லை, ஆகவே வேறுபாடு இல்லை"

எத்தனை பேரிடம் சொல்லியும் ஓயாத தவறு இது. இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு மாணவர் இரண்டு சிகிச்சை முறைகளை மிகச் சிறிய குழுக்களில் ஒப்பிட்டிருந்தார். பி-மதிப்பு, அதாவது இன்மைக் கருதுகோள் உண்மையாக இருந்தால் இவ்வளவோ இதைவிட அதிகமாகவோ விலகிய தரவு கிடைக்கும் வாய்ப்பு, 0.05 என்ற வழக்கமான எல்லையைத் தாண்டியது; அதனால் நிராகரிக்க முடியவில்லை. உடனே "இரண்டும் ஒரே பலன் தருவது நிரூபணமாகிறது" என்று முடிவுரை எழுதிவிட்டார். அவர் போட்ட அட்டவணையிலேயே ஒரு குழு நன்றாக முந்தி நின்றது. அந்த ஒரு வரியை நம்பி அடுத்த கட்ட ஆய்வையே கைவிட்டார்கள்.

ஒரு நாணயத்தை 10 முறை சுண்டுகிறோம். 7 முறை தலை விழுகிறது. தலை விழும் வாய்ப்பு 50% என்பது இன்மைக் கருதுகோள். தலை கூடுவது, குறைவது என இரு திசை விலகலையும் எண்ணும் இருபுறச் சோதனையில் பி-மதிப்பு சுமார் 0.34, நிராகரிக்க முடியாது. இப்போது அதே 7 தலைகளை வைத்துக்கொண்டு, வாய்ப்பு 80% என்ற கருதுகோளைச் சோதித்துப் பாருங்கள். அதையும் நிராகரிக்க முடியாது! நிராகரிக்காததெல்லாம் உண்மை என்றால், ஒரே நாணயத்துக்கு இரண்டு வாய்ப்புகள் வந்துவிடும். 95% நம்பக இடைவெளியை, அதாவது இந்தத் தரவோடு ஒத்துப்போகும் வாய்ப்புகளின் வீச்சைக் கணக்கிட்டால் ஏறக்குறைய 35% முதல் 93% வரை நீள்கிறது. தரவு போதவில்லை என்பதுதான் இதற்குப் பொருள்.

சோதனையின் திறனையும், அதாவது உண்மையிலேயே இருக்கும் வேறுபாட்டை அது கண்டுபிடிக்கும் வாய்ப்பையும் பாருங்கள். தலையின் உண்மையான வாய்ப்பு 70% என்று வைத்துக்கொள்வோம். 5% மட்டத்தில் (அதாவது பி-மதிப்புக்கு 0.05 எல்லை), 10 சுண்டல்களில் அந்தச் சாய்வைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு சுமார் 15% மட்டுமே. 100 முறை சுண்டினால் அது சுமார் 98% ஆகிறது. நாணயம் மாறவில்லை, மாதிரியின் அளவுதான் மாறியது. இன்மைக் கருதுகோளைத் தவறென்று காட்டலாமே தவிர ஒருபோதும் நிறுவ முடியாது என்று புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1935-லேயே எழுதிவிட்டார்.

ஆகவே மாதிரியின் அளவை ஆய்வு தொடங்கும் முன்பே திறனைக் கணக்கிட்டு முடிவு செய்யுங்கள். பி-மதிப்போடு நம்பக இடைவெளியையும் கட்டாயம் கொடுங்கள். இரண்டும் சமம் என்று காட்டுவதுதான் நோக்கமென்றால் அதற்குச் சமானச் சோதனை இருக்கிறது. எவ்வளவு வேறுபாடு வரை பொருட்படுத்த வேண்டாம் என்பதை முன்கூட்டியே வரையறுத்து, "வேறுபாடு அந்த எல்லையைத் தொடுகிறது அல்லது தாண்டுகிறது" என்பதை இன்மைக் கருதுகோளாக வைப்பார்கள். அங்கே அதை நிராகரித்துக் காட்ட வேண்டிய பொறுப்பு உங்களுடையது.

பி-மதிப்பை, இன்மைக் கருதுகோள் உண்மையாக இருக்கும் வாய்ப்பு என்று படிப்பது

அது உண்மை என்று வைத்துக்கொண்டுதான் பி-மதிப்பையே கணக்கிடுகிறோம்.

இருபது சோதனை செய்து ஒன்றை மட்டும் எழுதுவது

எங்குமே வேறுபாடு இல்லாவிட்டாலும், ஒன்றையொன்று சாராத 20 சோதனைகளில் ஒன்றாவது 0.05-க்குக் கீழே வரும் வாய்ப்பு சுமார் 64%. செய்த எல்லாவற்றையும் எழுதுங்கள்.

தரவைப் பார்த்தபின் ஒருபுறச் சோதனைக்குத் தாவுவது

கூடாது. ஒருபுறச் சோதனை ஒரு திசை விலகலை மட்டுமே எண்ணும்; அந்தத் திசையைத் தரவைப் பார்க்கும் முன்பே முடிவு செய்யுங்கள்.