நெஞ்சு சுடாத மனிதர்கள்: விக்டோரிய நாவல்களை வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"தன்நெஞ்சே தன்னைச் சுடும்" என்ற குறளைத் தொடக்கத்தில் போட்டு, அதன் கீழே டோரியன் கிரேயின் கதைச்சுருக்கத்தை எழுதினால் கட்டுரை முடிந்தது என்று நினைத்த காலம் எனக்கும் உண்டு. எம்.ஏ. படிக்கும்போது அப்படி எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். பல வருடம் கழித்து, அது மாதிரியான விக்டோரிய காலத்து ஆங்கில நாவல்களைப் பரீட்சை பயமில்லாமல் திரும்பப் படித்தபோதுதான் உறைத்தது: இந்த ஆட்களில் பாதிப் பேருக்கு நெஞ்சு சுடவே இல்லை. சுட்டாலும் சூட்டை ஆற்றிக்கொள்ள ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அந்தச் சாமர்த்தியம் மெல்ல மெல்லக் கைவருவதைத்தான் அந்த எழுத்தாளர்கள் ஒழுக்கச் சீரழிவு என்று காட்டினார்கள். இதைத் தவறவிட்டால் எங்கெல்லாம் வழுக்கி விழுவோம் என்பதை, நான் விழுந்த இடங்களை வைத்தே சொல்கிறேன். கதை முடிவுகளை உடைத்துத்தான் பேசப்போகிறேன், படிக்காதவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

வருந்துகிறான், அதனால் நல்லவன்

எல்லாத் தவறுகளுக்கும் தாய் இதுதான். ஆஸ்கார் வைல்டின் நாவலில் டோரியனின் முகம் இளமை மாறாமல் அப்படியே இருக்கும்; அவன் செய்யும் பாவமெல்லாம் அவனை வரைந்த ஓவியத்தில் ஏறும். அவன் சிபில் வேன் என்ற ஏழை நடிகையைக் காதலிக்கிறான். ஓர் இரவு அவள் ஜூலியட்டாக மோசமாக நடித்துவிடுகிறாள். அதற்காகவே அவளை உதறிவிட்டு வருகிறான். வீட்டுக்கு வந்து பார்த்தால், தன் ஓவியத்தின் வாயோரத்தில் இதுவரை இல்லாத ஒரு குரூரக் கோடு.

மறுநாள் மதியம் எழுந்து அவளுக்குக் கடிதம் எழுதுகிறான். பக்கம் பக்கமாக, தன்னையே திட்டிக்கொண்டு, மன்னிப்புக் கேட்டு. முதல் வாசிப்பில் நான் இந்த இடத்தில் உருகிப்போனேன். பையன் திருந்திவிட்டான், விதிதான் சதி செய்துவிட்டது என்று. ஆனால் வைல்ட் அங்கே செருகியிருக்கும் வரிகளைப் பாருங்கள். தன்னைத் தானே கடிந்துகொள்வதில் ஒரு சொகுசு இருக்கிறதாம்; நம்மை நாமே குற்றம் சொல்லிவிட்டால் வேறு யாருக்கும் நம்மைக் குற்றம் சொல்லும் உரிமை இல்லை என்று தோன்றிவிடுமாம். கடிதத்தை எழுதி முடித்ததுமே தான் மன்னிக்கப்பட்டுவிட்டதாக டோரியன் உணர்கிறான். கடிதம் இன்னும் மேசையில்தான் கிடக்கிறது. அதைப் படிக்க வேண்டியவளோ முந்தைய இரவே விஷம் குடித்துச் செத்துவிட்டாள்.

அந்தச் செய்தியோடு அவன் நண்பர் லார்ட் ஹென்றி வந்து கதவைத் தட்டுகிறார். கொஞ்ச நேரப் பேச்சுக்குப் பிறகு, இதெல்லாம் ஒரு அற்புதமான நாடகத்தின் அற்புதமான முடிவுபோல் தோன்றுகிறது என்கிறான் டோரியன். அன்றிரவு ஆபராவுக்குப் போகிறான். இத்தனைக்கும் குற்ற உணர்வு இல்லாதவன் கிடையாது அவன். அது வந்தது, ஒரு கடிதமாக வழிந்தது, தீர்ந்துவிட்டது. நாம் ஒருவரை நோகடித்துவிட்டு, இரவெல்லாம் தூங்காமல் புரண்டு, காலையில் அந்தத் தூக்கமின்மையையே பிராயச்சித்தமாகக் கணக்கில் எழுதிக்கொள்வோமே, அதேதான்.

கடைசி அத்தியாயத்தில் இதே ஆட்டத்தை இன்னொரு முறை ஆடிப் பார்க்கிறான். ஹெட்டி என்ற கிராமத்துப் பெண்ணைக் கெடுக்காமல் விட்டுவிட்டானாம். ஒரு நல்ல காரியம் செய்தாயிற்று, ஓவியம் கொஞ்சமாவது தெளிந்திருக்கும் என்ற நினைப்பில் மாடிக்குப் போகிறான். ஓவியத்தின் கண்ணில் புதிதாக ஒரு சூது, வாயில் பாசாங்குக்காரனின் சுழிப்பு. மொத்த நாவலிலும் எனக்கு மிகவும் பயம் தந்த இடம் இதுதான். தன்னை வரைந்த ஓவியரை அவன் கொல்லும் இடம்கூட இந்த அளவுக்கு இல்லை. அவன் மனம் திருந்தியதையும் அந்த ஓவியம் பாவக் கணக்கில்தான் சேர்க்கிறது.

முகத்தைப் பார்த்துத் தீர்ப்பு எழுதுவது

"கடுத்தது காட்டும் முகம்" என்று நம்மிடமும் உண்டு. ஓவியர் பேசில் ஹால்வர்டின் நம்பிக்கையும் அதேதான். பாவம் மனிதனின் முகத்தில் தானே எழுதிக்கொள்ளும், மறைக்க முடியாது என்கிறார். யாரிடம் சொல்கிறார்? டோரியனிடமே, தான் கொல்லப்படும் இரவில். அந்த நம்பிக்கையால்தான் ஊரும் ஏமாறுகிறது: இவ்வளவு பளிங்கு போன்ற முகமுள்ளவன் தப்புச் செய்திருப்பானா என்று. மண்டையையும் முகத்தையும் அளந்து பிறவிக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கலாம் என்று இத்தாலிய மருத்துவர் சேசரே லொம்ப்ரோசோ 1876-ல் புத்தகம் போட்டிருந்த காலம் அது. வைல்ட் அந்த நம்பிக்கையின் காலை வாருகிறார். இதைப் போய் 'தீயவன் முகம் கோரமாகும்' என்ற நீதிக்கதையாகச் சுருக்குவது பேசில் செய்த அதே பிழை.

முன்னுரை ஒன்றை வைத்துக்கொண்டு வாதாடுவது

ஒழுக்கமான புத்தகம், ஒழுக்கக்கேடான புத்தகம் என்று எதுவும் இல்லை. நன்றாக எழுதியது, மோசமாக எழுதியது, அவ்வளவுதான் என்ற வைல்டின் முன்னுரை வாசகம் எல்லாக் கட்டுரைகளிலும் வந்து உட்கார்ந்துவிடும். அந்த முன்னுரை 1891 புத்தகப் பதிப்புக்கு எழுதியது. 1890 ஜூலையில் லிப்பின்காட்ஸ் இதழில் 13 அத்தியாயங்களாக நாவல் முதலில் வந்தபோது கிடையாது. நடுவில் நடந்தது ஒரு பெரிய சண்டை. பத்திரிகைகள் அசிங்கம் என்று எழுதின; டபிள்யூ. எச். ஸ்மித் தன் ரயில்நிலையக் கடைகளிலிருந்து அந்த இதழை எடுத்துவிட்டது. பதில் கடிதத்தில் வைல்ட், நாவலில் பயங்கரமான நீதி ஒன்று இருக்கிறது, அது இருப்பதுதான் நாவலின் ஒரே கலைக்குறை என்று எழுதினார். ஆக, ஒரே ஆள் இரண்டையும் சொல்லியிருக்கிறார். எதற்குப் பதிலாக, எந்த மாதத்தில் சொன்னார் என்று பார்க்காமல் மேற்கோள் எடுக்கக்கூடாது. 1895-ல் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எட்வர்ட் கார்சன் இந்த நாவலின் வரிகளை வாசித்து வைல்டைக் குறுக்கு விசாரணை செய்தபோதும் எந்தப் பதிப்பு என்பது பெரிய விஷயமாக இருந்தது.

கூடவே ஒரு நடைமுறைக் குறிப்பு: சிபிலின் தம்பி ஜேம்ஸ் வேன் பழிவாங்க அலையும் கிளைக்கதை 20 அத்தியாயப் பதிப்பில்தான் உண்டு. 'குற்றம் துரத்திவந்து பிடிக்கும்' என்று அவனை வைத்து வாதிடுவதற்கு முன், கையில் இருப்பது எந்தப் பதிப்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெக்கில் நல்லவர், ஹைட் கெட்டவன்

பேச்சில் அப்படித்தான் புழங்குகிறது. ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1886-ல் எழுதிய குறுநாவலில் அப்படி இல்லை. டாக்டர் ஜெக்கில் தானே கண்டுபிடித்த மருந்தைக் குடித்து ஹைட் என்ற இன்னொரு ஆளாக மாறுகிறார். அந்த மருந்துக்கு நல்லது கெட்டது தெரியாது. அது தெய்வீகமும் இல்லை, பைசாசமும் இல்லை என்று அவரே எழுதுகிறார். நல்ல மனதோடு குடித்திருந்தால் தேவதை வெளியே வந்திருக்கலாம் என்கிறார். ஹைட் வந்ததற்குக் காரணம் குடித்தவரின் ஆசை. மதிப்பும் போகக்கூடாது, சுகமும் வேண்டும் என்ற ஆசை. ஹைட் முழுத் தீமை. ஜெக்கிலோ பழைய கலவை ஜெக்கிலாகவேதான் கடைசிவரை இருக்கிறார். சுத்த நல்லவர் என்று அந்தக் கதையில் யாரும் பிரிந்து வரவில்லை.

இங்கேயும் அதே ஆறுதல் வித்தை. குற்றவாளி ஹைட்தான், ஹைட் மட்டும்தான் என்கிறார் ஜெக்கில். ஹைட் செய்த கெடுதலை முடிந்த இடத்தில் அவசரமாகச் சரிசெய்வாராம். இப்படியாக அவருடைய மனசாட்சி உறங்கியதாம். இழப்பீடு கொடுத்து மனசாட்சியைத் தூங்கவைக்கும் ஒரு பெரிய மனிதரை விட்டுவிட்டு, நாம் பல்லும் நகமும் வைத்த ஹைடைப் பார்த்துப் பயப்படுகிறோம். பல்லும் நகமும் நாடகமும் சினிமாவும் தந்தவை. புத்தகத்தில் ஹைடை நேரில் பார்த்த என்ஃபீல்ட் என்பவரால், அவனிடம் என்ன கோளாறு என்று குறிப்பிட்டுச் சொல்லவே முடிவதில்லை. ஜெக்கிலுக்கு ஒரு காதலி இருந்ததும் 1887-ல் மேடையேறிய நாடகம் செய்த உபயம்.

பாவம் என்ற சொல்லில் வழுக்குவது

தமிழில் வாசிப்பவர்களுக்கென்றே உள்ள பள்ளம் இது. பாவம் செய்தவளும் பாவம், பாவப்பட்டவளும் பாவம். தாமஸ் ஹார்டியின் டெஸ் இந்த இரண்டு அர்த்தங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட பெண். அலெக் என்பவனால் கெடுக்கப்பட்டு, கூடையும் மூட்டையுமாக ஊர் திரும்பும் வழியில், சிவப்புப் பெயின்ட் டப்பாவோடு ஒருவன் வேலியிலும் சுவரிலும் வேதவசனம் எழுதிக்கொண்டு போவதைப் பார்க்கிறாள். அழிவு உறங்காது என்ற பொருளுள்ள வசனம். ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னும் ஒரு கமா போடுகிறான், ஒவ்வொன்றும் படிப்பவர் நெஞ்சில் இறங்கட்டும் என்று. அவள் கேட்கிறாள்: அந்தப் பாவம் நீங்களாகத் தேடிப்போகாததாக இருந்தால்? அந்த நுணுக்கமெல்லாம் எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு அவன் பெயின்ட் அடிக்கிறான்.

டெஸ் தன்னைக் குற்றவாளியாக நினைக்கிறாள் என்பதற்காக ஹார்டியும் அப்படி நினைத்தார் என்று எழுதிவிடாதீர்கள். 1891-ல் புத்தகம் வந்தபோது தலைப்புக்குக் கீழேயே, தூய்மையான ஒரு பெண் என்று போட்டு வம்பை விலைக்கு வாங்கியவர் அவர். பாத்திரம் சுமக்கும் குற்ற உணர்வு ஒன்று, ஆசிரியர் தரும் தீர்ப்பு இன்னொன்று. டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலில் வரும் பிப்பும் இப்படித்தான். சிறுவயதில், தப்பிவந்த ஒரு கைதிக்காகத் திருடிய அரத்தை நினைத்துக் கோழித்திருடனைப் போலப் பதுங்குகிறான். வளர்த்து ஆளாக்கிய ஜோ லண்டனுக்கு வந்தபோது அவரைப் பார்த்துக் கூசிப்போனதுதான் அவன் செய்த நிஜமான துரோகம். அது உறைக்க அவனுக்குப் பல வருடம் ஆகிறது.

பாசாங்குக்காரன் என்று முத்திரை குத்துவது

விக்டோரிய காலம் என்றாலே பியானோ கால்களுக்குத் துணி போர்த்திய போலி ஒழுக்கம் என்று ஒரு கதை சொல்வோம். அந்தத் துணி போர்த்திய கதை கேப்டன் மாரியட் 1839-ல் அமெரிக்காவைப் பற்றி எழுதிய பயண நூலிலிருந்து வந்தது. இங்கிலாந்தின் தலையில் பிறகு கட்டிவிட்டார்கள். அந்த முன்முடிவோடு ஜார்ஜ் எலியட்டின் 'மிடில்மார்ச்' (1871–72) நாவலைத் திறந்தால், வங்கியாளர் புல்ஸ்ட்ரோடைப் பார்த்ததும் கை தானாக எழுதும்: போலிச் சாமியார். எலியட் அந்தப் பேனாவைப் பிடுங்கிவிடுகிறார். ஊரை ஏமாற்ற பக்தி வேடம் போடுபவர்கள் உண்டு, இவர் அந்த ரகம் இல்லை. நம்பிக்கையைவிட ஆசை பலமாக இருந்த மனிதர், அந்த ஆசைகளை நம்பிக்கையோடு பொருந்தும்படி கொஞ்சம் கொஞ்சமாக விளக்கிக்கொண்டவர் என்கிறார்.

திருட்டுப் பொருள் புழங்கும் அடகுக்கடை வியாபாரத்தில் சேர்ந்தவர், முதலாளியின் விதவையைக் கட்டிக்கொண்டு, அவள் தேடிக்கொண்டிருந்த மகள் கிடைத்ததை மறைத்துச் சொத்தை அடைந்தவர். இதெல்லாம் தெரிந்த ராஃபிள்ஸ் பணம் பறிக்க வந்து, நோயில் விழுந்து, அவர் வீட்டிலேயே படுக்கிறான். டாக்டர் லிட்கேட்டின் உத்தரவு: சாராயம் கூடாது, அபினை இந்த அளவோடு நிறுத்த வேண்டும். முதல் இரவு புல்ஸ்ட்ரோடே கண்விழித்து, சொன்னபடி பார்த்துக்கொள்கிறார். அடுத்த இரவு வேலைக்காரம்மாவிடம் ஒப்படைக்கும்போது அபின் அளவைச் சொல்கிறார். எப்போது நிறுத்துவது என்பதைச் சொல்ல மறக்கிறார். மெழுகுவத்தியோடு மாடியேறும்போது நினைவு வருகிறது. நடைபாதையில் நிற்கிறார். நோயாளியின் முனகல் கேட்கிறது. திரும்பிப் போய்ச் சொல்வதா? டாக்டர் சொன்னதே தப்பாக இருக்கலாமே என்று ஒரு நியாயம் கிடைக்கிறது. தன் அறைக்குப் போய்விடுகிறார். பிறகு அந்த அம்மா வந்து கதவைத் தட்டி, நோயாளிக்குக் கொஞ்சம் பிராந்தி கொடுக்கலாமா என்று கேட்கிறாள். கொஞ்ச நேரம் மௌனம். பிராந்தி இருக்கும் பெட்டியின் சாவி கைமாறுகிறது.

விடிந்ததும் ஜெபம் செய்கிறார். அது நடிப்பில்லை, நிஜமான ஜெபம். தனிமையில் செய்யும் பிரார்த்தனை என்பதாலேயே அது உண்மை பேசும் என்று யார் சொன்னது என்று எலியட் கேட்பது இங்கேதான்.

ராஃபிள்ஸ் இறந்துவிடுகிறான். இது கொலையா என்று தேடுவது அடுத்த தவறு. அபினும் பிராந்தியும் அன்றைய மருத்துவர்கள் சாதாரணமாகக் கொடுத்தவைதான். லிட்கேட்டின் முறைதான் புதுசு. எந்தக் கோர்ட்டிலும் வழக்கு நிற்காது. நிற்காதபடி எலியட் திட்டமிட்டே அமைத்திருக்கிறார்.

கடைசியாக, புல்ஸ்ட்ரோடின் இரண்டாவது மனைவி ஹாரியட் வரும் காட்சி. பலர் இதை மன்னிப்பு என்று ஒரே சொல்லில் கடந்துவிடுகிறார்கள். ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம் அவளுக்குக் கடைசியில் தெரிகிறது. அறையைப் பூட்டிக்கொள்கிறாள். நகைகளைக் கழற்றுகிறாள், வெறும் கறுப்பு உடையை உடுத்துகிறாள், அலங்காரத் தொப்பியை எடுத்துவிட்டு முடியைப் படியச் சீவி, சாதாரணத் தொப்பி ஒன்றை வைத்துக்கொள்கிறாள். இரவு எட்டு மணிக்குக் கீழே வந்து பார்த்தால் கணவர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறார், முன்பைவிடச் சிறுத்துப்போனவர் போல. ஒரு கையை அவர் கைமேலும் இன்னொன்றைத் தோள்மேலும் வைத்து, "நிக்கலஸ், நிமிர்ந்து பாருங்கள்" என்கிறாள். இருவரும் அழுகிறார்கள். அவர் தரப்பில் வாக்குமூலம் எதுவும் வாய்விட்டு வருவதில்லை. இதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு அவதூறு என்று அவளால் கேட்க முடியவில்லை. நான் நிரபராதி என்று அவரும் சொல்லவில்லை.